ஸ்பீக்கர் ஒயர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீடுகளில் ஹோம் தியேட்டர் ஒயரிங் செய்து தருவது என் தொழில். ஒயர் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டுதான்: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வரை எத்தனை மீட்டர்? ஸ்பீக்கர் எத்தனை ஓம்? பிராண்டும் விலையும் அப்புறம்.

காரணம், ஒலியை மாற்றக்கூடிய ஒயரின் குணங்களில் முக்கியமானது ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு ஒயர் கொடுக்கும் தடை. அதை ஓமில் அளப்பார்கள். கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால், 10 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் செம்பு கணக்கு. ஐ.இ.சி. 60228 என்ற சர்வதேச ஒயர் தரப்படி, வளையும் வகை செம்பு ஒயரின் குறுக்குவெட்டு 2.5 சதுர மி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 7.98 ஓம், 0.5 சதுர மி.மீ. என்றால் 39 ஓம். நம் 20 மீட்டருக்கு முறையே 0.16 ஓம், 0.78 ஓம்.

0.78 ஓம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அது கரண்டுக்குக் காட்டும் ஓம்) ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஓர் அலைவரிசையில் 4 ஓமுக்கு இறங்கி, பேஸ் பக்கம் 24 ஓமுக்கு ஏறும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒயரில் முதல் இடத்தில் 1.5 டெசிபல் குறையும், இரண்டாவது இடத்தில் 0.3 டெசிபல்கூடக் குறையாது. ஆக, வால்யூம் மட்டும் குறைவதில்லை, பாட்டின் நிறமே மாறுகிறது. 2.5 ஒயரில் இந்த வித்தியாசம் 0.3 டெசிபலுக்குள் அடங்கிவிடும். அதைக் காதால் பிடிப்பது கடினம்.

ஒயரின் ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர் வரை, 1.5 என்றால் 15 மீட்டர், 2.5 என்றால் 25 மீட்டர் தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதில் பாதி.

இந்தக் கணக்கு சுத்தச் செம்புக்கு மட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் அதே நிறத்தில், அதே தடிமனில் கிடைக்கிறது. அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு. ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்ல ஒயர்தான்.

சந்தேகம் தீரவில்லையா? அளந்துவிடலாம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சை இதற்கு நம்பாதீர்கள், அதன் புரோப் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும். ஆம்பையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, ஒயரின் மறுமுனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்குங்கள். இந்த முனையில் 12 வோல்ட் பேட்டரியையும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பையும் தொடராக இணையுங்கள். பல்ப் இல்லாமல் பேட்டரியில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. முதலில் மல்டிமீட்டரையும் அதே தொடரில் சேர்த்து, 10 ஆம்பியர் ரேஞ்சில் கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், 1.7 ஆம்பியர் போல வரும். பிறகு மீட்டரை சர்க்யூட்டிலிருந்து எடுத்து, அந்த இடத்தை நேராக இணைத்துவிட்டு, சிவப்பு புரோபை மறக்காமல் வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். இந்த முனையில் ஒயரின் இரண்டு செம்புகளிலும் புரோபை நேரடியாக வைத்து வோல்ட்டை அளந்து, கரண்டால் வகுத்தால் ஓம். 10 மீட்டர் 2.5 ஒயருக்கு 0.27 வோல்ட் பக்கம் வர வேண்டும். 0.4 காட்டினால் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்), கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) இரண்டும் வீட்டு நீளங்களில் பெரிய தொல்லை இல்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் கம்பிகளைத் தனித்தனியாக இழுத்தால்தான் இன்டக்டன்ஸ் ஏறி ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) மங்கும், சேர்ந்தே போகவிடுங்கள். பல கம்பிகளை நெருக்கமாகப் பின்னிய சில ஒயர்களில் கெப்பாசிட்டன்ஸ் மிக அதிகம், சில ஆம்ப்கள் அதில் நிலை தடுமாறும். அந்த வகையை நான் போடுவதே இல்லை.

இடது வலது ஒயர்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று மீதியைச் சுருட்டி வைக்க வேண்டாம். 2.5 ஒயரில் 2 மீட்டர் வித்தியாசம் 0.03 ஓம்தான். முனைகளை நன்றாக முறுக்கி மாட்டுங்கள். ஓர் இழைகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பவரைப் போடுங்கள்.