தட்டம்மை பரவலை விசாரிக்க: தடிப்பு எழுந்த நாளைப் பிடியுங்கள்

ஒரே வகுப்பில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சலும் செந்தடிப்பும் என்று தகவல் வந்தால், யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதை முதலில் எழுதி வையுங்கள். காய்ச்சலோடு நீர்க்கொப்புளம் இல்லாத செந்தடிப்பு இருந்தால் சேருங்கள். கொப்புளம் என்றால் பெரும்பாலும் சின்னம்மை, தனியாகக் குறியுங்கள்.

அப்புறம் வீடு வீடாகப் பட்டியல்: வயது, தடுப்பூசித் தேதிகள் (அட்டையைப் பார்த்தே எழுதுங்கள்), யாரோடு பழகினார்கள், தடிப்பு தொடங்கிய நாள்.

இந்தக் கடைசி விவரத்தில்தான் முதல் தடவை நான் சறுக்கினேன். மருத்துவரிடம் போன தேதியையே எழுதிவிட்டேன். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று வரைந்து பார்த்தால் சங்கிலி தலைகீழாக நின்றது.

தடிப்பு காதுக்குப் பின்னாலும் நெற்றி மேல் முடியோரத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். நெஞ்சுக்கு வந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அதனால் "எப்போது வந்தது?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஓர் அம்மா "புதன்கிழமை" என்றார். "தலை வாரும்போது காதோரம் பார்த்தீர்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "திங்களே இருந்ததே, வேர்க்குரு என்று விட்டுவிட்டேன்" என்றார். அந்த இரண்டு நாளைத் திருத்தியதும் சங்கிலி நேரானது.

மற்றதெல்லாம் அந்த நாளிலிருந்து எண்ணுவதுதான். அதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை குழந்தையிடமிருந்து பிறருக்குத் தொற்றும். குழந்தைக்குத் தொற்றியது 7 முதல் 21 நாள் முன்பு, பெரும்பாலும் 14 நாள் முன்பு. 1846இல் ஃபாரோ தீவுகளில் பீட்டர் பானும் (Panum) என்ற டென்மார்க் மருத்துவர் இந்த 14 நாளைக் கண்டுபிடித்ததும் ஊர் ஊராகத் தேதி கேட்டுத்தான்.

ரத்தம் எல்லாருக்கும் எடுக்க வேண்டாம். 5 முதல் 10 பேர் போதும். தடிப்பு வந்த முதல் 3 நாளில் ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருளுக்கான ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள். தொண்டை மாதிரி எடுத்து, வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனை பாருங்கள், அல்லது சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள்.

முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். பழகியவர்களில் தடுப்பூசி போடாதவர்களுக்கு, போடக்கூடிய வயதும் உடல்நிலையும் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயுற்ற குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ, வயதுக்கேற்ற அளவில், அடுத்தடுத்து இரண்டு நாள்.

இந்த விவரங்களைப் பதிந்து அலச உதவும் எபி இன்ஃபோ மென்பொருள் இலவசம்தான். ஆனாலும் ஐம்பது பேருக்குள் என்றால் வாசலில் கோடு போட்ட நோட்டு, இரவில் எக்ஸெல். என் தேர்வு அதுதான்.

பின்சேர்க்கை: தடுப்பூசி போட்ட குழந்தைக்கே ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு லேசான தடிப்பு வரும், ஐஜிஎம்மும் பாசிட்டிவ் காட்டும். வைரஸ் ஊசியில் உள்ள வகையா, ஊரில் பரவும் வகையா என்று பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஆகவே கடைசி ஊசியின் தேதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.