பக்கத்து வள்ளத்தின் எச்.பி.யைப் பார்த்து எஞ்சின் வாங்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து தேங்காப்பட்டணம் வரை எந்தக் கரையில் புது எஞ்சின் வந்து இறங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தன எச்.பி.?" (எஞ்சினின் சக்தி எத்தனை குதிரைத்திறன் என்று.) வள்ளம் எத்தனை அடி, என்ன வலை, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் 15 போட்டால் இவர் 25 போடுகிறார். பெரும்பாலும் கடன் வாங்கித்தான் போடுகிறார். அந்தக் கடனை அடைக்க வேண்டிய வருமானத்தை எஞ்சினே எரிபொருளாகக் குடித்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் போட்டி புதிதல்ல. 1980-களில் இந்தக் கடற்கரையில் வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின் பரவியபோது எல்லாம் சின்ன எஞ்சின்கள்தான். அப்புறம் கேரளத்தில், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ரிங் வலை வள்ளங்கள் பெருத்தன. ஒரே வள்ளத்தில் 40 எச்.பி. எஞ்சின் மூன்று மாட்டினார்கள். எல்லையிலுள்ள பொழியூர் தாண்டிப் போய்ப் பார்த்து வந்தவர்களுக்கு அது கண்ணில் நின்றுவிட்டது. ஆனால் அது பெரும் கூட்டமாக ஏறி, டன் கணக்கில் வலை சுமந்து போகும் தொழில். மூன்று நான்கு பேர் போகும் 25 அடி வள்ளத்துக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஏன் உதவாது? தண்ணீரைக் கிழித்து, அதற்குள் அமிழ்ந்தபடியே போகும் எந்த வள்ளத்துக்கும் ஒரு வேக எல்லை உண்டு. நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் (கடல் வேக அளவு) கணக்கில் வரும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, எல்லை 6.7 நாட், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதை நெருங்கியதும் வள்ளம் தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏறப் பார்க்கிறது. அணியம் (முன்பக்கம்) தூக்கும், அமரம் (பின்பக்கம்) உட்காரும், பின்னால் பெரிய அலை எழும். வேகமாகப் போகிறோம் என்று தோன்றும். உண்மையில் காசு கரைகிறது. எல்லைக்குக் கீழேகூட, சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் கால் பங்குதான் கூடும். எல்லையைத் தொட்ட பிறகு அதுவும் கிடைக்காது.

அடி தட்டையான, அகலமான ஃபைபர் படகு தண்ணீர் மேல் வழுக்கிப் போகும், சரி. ஆனால் அதற்குச் சுமார் 20 முதல் 25 கிலோ எடைக்கு ஒரு எச்.பி. வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு: எடையைக் காலிப் படகோடு நிறுத்திவிடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள். வள்ளம் 500 கிலோ, நாலு பேர் 280, நனைந்த வலை 250, ஐஸும் எண்ணெயும் 120, எஞ்சின் 40, மீன் 300 என்றால் ஒன்றரை டன். அது வழுக்கிப் போக 60 எச்.பி. வேண்டும். 25 போட்டவர் கிழித்துப் போவதற்கும் வழுக்கிப் போவதற்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஆளும் வலையும் இல்லாமல் காலியாக ஓட்டினால் பறக்கிறது, மீனோடு திரும்பும்போது 10 எச்.பி. வள்ளம் கூடவே வருகிறது.

எரிபொருளையும் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் குடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் அதற்கும் மேல். நாலு மணி நேர ஓட்டத்துக்கு 10 எச்.பி. சுமார் 13 லிட்டருக்குள் முடிக்கும், 25 எச்.பி. 30 லிட்டரைத் தாண்டக்கூடும். சாளை விலை படுத்த நாளில் அந்த வித்தியாசம்தான் வீட்டுக்குப் போகும் பணம்.

இதைப் படித்துவிட்டு இருப்பதிலேயே சின்னதை வாங்கிவிடாதீர்கள். எஞ்சின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது நடுக்கடல் வேகம் இல்லை, ஆறு கடலில் சேரும் பொழிமுகம். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் திட்டில் அலை உடைவதும் படகுகள் கவிழ்வதும் நமக்குத் தெரிந்த துயரம். ஆனி ஆடியில், சுமையோடு, எதிர் நீவாட்டில் (நீரோட்டத்தில்), இரண்டு அலைக்கு நடுவில் உள்ளே நுழைய வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கையில் மிச்சம் வேண்டும். தினசரி ஓட்டம் முக்கால் திருகலில் (ஆக்சிலரேட்டரை முக்கால் திருகி) முடிந்து, கால் பங்கு கைவசம் நிற்கிற எஞ்சின்தான் சரியான அளவு. நாலு பேர் போகும் வள்ளத்துக்கு அது பெரும்பாலும் 10-க்கும் 15-க்கும் நடுவில் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு.

எச்.பி. சரியாக இருந்தும் வள்ளம் நகராமல் நின்றதை நானே கண்டிருக்கிறேன். என் பெரியப்பா மகன் பழைய எஞ்சின் ஒன்றை மலிவாக வாங்கினார். எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்கு இறங்கும் தண்டு 15 அங்குலம். எங்கள் வள்ளத்தின் பின்பலகைக்கு 20 அங்குலத் தண்டு வேண்டும். விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் அளக்கவில்லை. அமைதியான கடலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பொழி நுழையும்போது ஓர் அலை அமரத்தைத் தூக்கியது. புரொப்பல்லர் காற்றில் சுழன்று எஞ்சின் அலறியது. வள்ளம் குறுக்கே திரும்பத் தொடங்கியது. "எஞ்சின் கெடந்து கத்துது, வள்ளம் நவுரல்லியே மக்களே" என்று அப்பா துடுப்பை எடுத்து வலித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த அலைக்கு முன் நேராக்கிவிட்டார்கள். அந்தத் துடுப்பு வள்ளத்தில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அளப்பது ஒரு நிமிட வேலை. எஞ்சின் உட்காரும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து வள்ளத்தின் அடி வரை நேர்க்குத்தாக அளவுநாடா பிடியுங்கள். 15 அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு, 20 வந்தால் நீளத் தண்டு. மாட்டிய பிறகு, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும்.

புரொப்பல்லரும் அப்படித்தான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் லேசான, வேகப் படகை நினைத்துச் செய்தது. சுமை இழுக்கும் வள்ளத்துக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம்) குறைவாகவும் இருப்பதே நல்லது. சுமையோடு முழுத் திருகலில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் கையேட்டில் 5000 முதல் 6000 என்று போட்டிருந்து உங்களுக்கு 4500 வந்தால் எஞ்சின் திணறுகிறது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். பெரிய எஞ்சின் வேண்டும் என்று நினைத்த பலருக்குத் தேவைப்பட்டது வேறு புரொப்பல்லர்தான்.

எடையை மறக்க வேண்டாம். 9.9 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் சுமார் 40 கிலோ, 40 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் 100 கிலோ அளவில் வரும். அது முழுக்க அமரத்தின் கடைசியில் தொங்குகிறது. பின்பக்கம் தாழ்ந்த வள்ளத்தில் பின்னலை எளிதாக உள்ளே ஏறும்.

மண்ணெண்ணெய்க்காகச் செய்யாத எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் மாடலில் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை நெருக்கும் அளவு) குறைவு. அதே அளவு பெட்ரோல் மாடலைவிட இழுவையும் கொஞ்சம் குறையும். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மானிய மண்ணெண்ணெயை நம்பி வாங்குகிறவர் எச்.பி.யை அந்த மாடலின் இழுவையை வைத்தே பார்க்கட்டும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் கேளுங்கள். கடைக்காரர் காலி வள்ளத்தில் கூட்டிப் போனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் ஏறுங்கள், வலையை நனைத்துப் போடுங்கள், ஐஸ் பெட்டியை நிரப்புங்கள். போகும்போது காற்று உதவினால் திரும்பும்போது எதிர்க்கும், அதையும் முழுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். துடுப்பு இரண்டு வள்ளத்தில் கிடக்கட்டும்.