கண் டாக்டரிடம் போகும் முன்: சொட்டு மருந்தைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்

முழுக் கண் பரிசோதனைக்கு அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையைப் பார்க்க, ஒளி உள்ளே போகும் துளையான கண் பாப்பாவை விரிக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் அது விரியவும் நேரமாகும், பழைய நிலைக்குச் சுருங்க இன்னும் அதிக நேரமாகும்.

படி 1: முந்தின நாளே பையில் வையுங்கள்

இப்போது போடும் கண்ணாடி, அதற்கு முந்தைய கண்ணாடி, பழைய சீட்டுகள், விட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்து பாட்டில்கள். மருந்துப் பட்டியலைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வதே நல்லது. போனில் வைத்திருந்தால், சொட்டு விட்ட பிறகு உங்களாலேயே அதைப் படிக்க முடியாது.

கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து விட்டுவிடும் மருந்துகள்தான் முக்கியம். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், கண்புரை ஆபரேஷனின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழித் திரையைத் தொய்ய வைக்கும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எந்த வடிவில் எடுத்தாலும், தோல் கிரீம், ஆஸ்துமா இன்ஹேலர் உட்பட, சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனையே தனியாக உண்டு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) இருந்தால் அதையும் எழுதுங்கள்.

படி 2: அன்று காலை

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தவிர, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். கிளாக்கோமா சொட்டையும் வழக்கம்போல் விடுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்றுதான் கண் அழுத்தம் பார்க்கிறார்கள். கண் மை வேண்டாம்.

சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கும் சமயத்தில் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். கண்ணின் லென்ஸில் நீர் ஏறி பவர் மாறியிருக்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கண்ணாடி பொருந்தாது.

படி 3: சொட்டு மருந்து

வரிசை இதுதான்: முதலில் பவர், அடுத்து கண் அழுத்தம், டாக்டரின் முதல் பார்வை, அதன் பிறகே சொட்டு. பெரியவர்களுக்குச் சொட்டு விட்ட பிறகு கிட்டப் பார்வைக்குப் பவர் பார்ப்பதில் பயனில்லை. இன்னும் பவர் பார்க்கவில்லை என்றால், சொட்டு விட வருகிறவரிடம் அப்போதே சொல்லுங்கள்.

சில நிமிட இடைவெளியில் இரண்டு, மூன்று முறை விடுவார்கள். லேசாக எரியும். கண்ணை மூடி உட்காருங்கள், கசக்காதீர்கள். பொதுவாக அரை மணி நேரத்தில் பாப்பா விரியும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மெதுவாகத்தான் விரியும். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் கோபப்பட வேண்டாம். இதய நோய், அதிக ரத்த அழுத்தம் இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லிவிடுங்கள். சில சொட்டுகள் பிரஷரை ஏற்றும்.

பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை எழுத்து மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டவே கூடாது. கூட ஒருவர் வந்தால் நல்லது. குளிர்க்கண்ணாடியோடு விளிம்புள்ள தொப்பியும் இருந்தால்தான் மதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நிம்மதியாக நடக்கலாம். கையெழுத்துப் போட வேண்டிய படிவம், பணம் கட்டும் வேலை எல்லாவற்றையும் சொட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அன்று மாலையோ இரவோ கடுமையான கண்வலி, சிவப்பு, வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். உடனே திரும்பிப் போங்கள்.

குழந்தைகளுக்கு முறை வேறு. அவர்கள் கண் தானாகவே இழுத்துப் பிடித்து ஃபோகஸ் செய்யும். அதனால் மருந்து போடாமல் பார்த்தால் பவர் தவறாக வரும். சிலருக்கு அட்ரோபின் களிம்பைக் கொடுத்து வீட்டிலேயே சில நாள் போட்டுவரச் சொல்வார்கள். மங்கல் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும்; பரீட்சை வாரத்தில் வேண்டாம். காய்ச்சல், முகச்சிவப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்)

கான்டாக்ட் லென்ஸ்: லேசர் சிகிச்சைக்கான அளவெடுப்பு என்றால், மென்மையான லென்ஸைக்கூட ஒன்று, இரண்டு வாரம் முன்பே கழற்ற வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.

அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாதவை: திடீரென மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது. கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இமைக்கு அடியில் துகள் ஒட்டியிருந்தால் அது தொடர்ந்து கண்ணை அரிக்கும். கழுவிய பிறகும் டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.