எலி முதுகுல மரு வந்த நாள், புற்று தொடங்குன நாள் இல்ல

தோல் புற்றுநோய் எப்படி ஆரம்பிக்குதுன்னு எலிய வச்சுப் படிக்கிறவங்க பண்ற தப்புல பெருசு எதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன். முதுகுல மரு மாதிரி ஒண்ணு எழும்புன தேதிய நோட்ல எழுதிட்டு, இன்னைக்குத்தான் தொடங்குச்சுன்னு நினைக்கிறது. அது தொடங்கி ரொம்ப நாள் ஆச்சு, நம்ம கண்ணுக்கு இப்பத்தான் தெரியுது.

பழைய டிஎம்பிஏ - டிபிஏ முறையையே எடுத்துக்கோங்க (டிஎம்பிஏ டிஎன்ஏவ மாத்துற ரசாயனம், டிபிஏ செல்லப் பெருக வைக்கிற ரசாயனம்). முடி மழிச்ச முதுகுல டிஎம்பிஏ ஒரே ஒரு தடவ, குறைஞ்ச அளவுல தடவுறோம். அதோட விட்டா பெரும்பாலும் ஒண்ணும் வராது, தோல் பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள சில செல்லுல செல் வளர்ச்சிய நடத்துற ஹெச்ராஸ் ஜீனோட 61ஆவது கோடான்ல (மூணு டிஎன்ஏ எழுத்து சேந்தது ஒரு கோடான்) ஒரு எழுத்து மாறிப் போயிருக்கும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ டிபிஏ தடவுனா ரெண்டு மூணு மாசத்துல மரு வர ஆரம்பிக்கும் (டிபிஏ நேர்வாள எண்ணெய்ல இருந்து பிரிச்ச பொருள், நம்ம சித்த மருத்துவத்துல சுத்தி செஞ்சு பேதிக்குக் குடுப்பாங்களே அதே நேர்வாளம்). டிஎம்பிஏ போட்டுட்டு பல மாசம் சும்மா விட்டு அப்புறம் டிபிஏ ஆரம்பிச்சாலும் மரு வரும், ஆனா வரிசைய மாத்திப் போட்டா வராது. அத்தன மாசமும் அந்த செல்லு அங்கயே சத்தமில்லாம இருந்திருக்கு, யோசிச்சுப் பாத்தா எனக்கு இன்னும் மலைப்பா இருக்கு.

இது தெரிஞ்சவங்களே சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு மருந்த டிபிஏ கூட சேத்துக் குடுப்பாங்க, மரு கம்மியாகும், உடனே இது புற்றுநோய் தொடங்குறதயே தடுக்குதுன்னு எழுதிடுவாங்க. அது தடுத்தது வளர்ச்சிய, தொடக்கத்த இல்ல. தொடக்கத்தப் பத்திப் பேசணும்னா டிஎம்பிஏக்கு முன்னாடி குடுத்துப் பாக்கணும். அப்பவும் அவசரப்படாதீங்க, டிஎம்பிஏ தானா வேலை செய்யாது, தோல்ல இருக்குற என்சைம் அத மாத்துனாத்தான் டிஎன்ஏல போய் ஒட்டும், உங்க மருந்து அந்த என்சைம மட்டும் அமுக்கியிருக்கலாம். அப்படின்னா, வெயில் அந்த என்சைம் இல்லாமலே டிஎன்ஏவக் கெடுக்குறதால, வெயில்ல நிக்கிற மனுஷனுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லாமப் போகலாம்.

இன்னொண்ணு, மரு எல்லாம் கேன்சர் இல்ல. டிபிஏ நிறுத்துனா நிறைய மரு தானா சுருங்கிடும், கொஞ்சம்தான் கார்சினோமாவா, அதாவது நிஜப் புற்றா மாறும். வெட்டி ஸ்லைடு போட்டு நோயியல் நிபுணர்கிட்ட காட்டாம வெளிய இருந்து எண்ணிட்டு புற்றுநோய்னு எழுதாதீங்க. ஒரே எலில பத்து மரு இருந்தா அது பத்து சாம்பிளும் இல்ல, ஒரு எலிதான்.

எலி வகையும் முக்கியம். சி57 பிளாக் 6 எலி இந்த முறைக்கு லேசுல அசையாது, எஃப்விபி எலில சீக்கிரம் வரும். ஜீன மாத்துன எலிய ஒரு வகைல இருந்தும் கண்ட்ரோல இன்னொரு வகைல இருந்தும் எடுத்தா வர்ற வித்தியாசம் ஜீனால வந்ததா வகையால வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால ஒரே ஈத்துல பிறந்த குட்டிங்கள வச்சு ஒப்பிடுங்க. வயசும் பாருங்க. ஏழு எட்டு வாரத்துல முதுகு முடி ஓய்வு நிலைல இருக்கும், அப்ப எல்லா எலியோட தோலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கருப்பு எலிய மழிச்சப்புறம் தோல் ரோஸா இருந்தா சரி, சாம்பலா கருத்திருந்தா முடி வளந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

நான் முதல் தடவ பண்ணப்ப ஆண் எலிங்கள ஒரே கூண்டுல விட்டுட்டேன். ராத்திரியெல்லாம் கடிச்சுக்கிட்டு முதுகெல்லாம் காயம், காயம் ஆறுறப்ப நடக்குற செல் பெருக்கமே டிபிஏ பண்ற வேலையப் பண்ணும், அந்த பேட்ச் டேட்டா மொத்தமும் வீணாச்சு, அந்த உயிருங்க வீணாப் போனதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

மெலனோமாக்கு (தோலுக்கு நிறம் குடுக்குற மெலனோசைட் செல்லுல வர்ற புற்று) வந்தா கதையே வேற. நமக்கு மெலனோசைட் மேல்தோலோட அடி வரிசைல இருக்கு, எலியோட முதுகுல பெரும்பாலும் முடி வேர்லதான் இருக்கு. அதனால சாதா எலிய யூவி லைட்ல காட்டுனா செதிள் செல் புற்றுதான் வரும், மெலனோமா வர்றது ரொம்ப அபூர்வம். 2001ல நேச்சர்ல வந்த ஆய்வுல ஹெச்ஜிஎஃப்ங்கிற வளர்ச்சிப் புரதம் கூடுதலா சுரக்குற, மேல்தோல்லயும் மெலனோசைட் இருக்குற எலிய எடுத்தாங்க. பிறந்து மூணு நாலு நாளான குட்டிக்கு ஒரே ஒரு தடவ யூவி குடுத்ததுக்கே மெலனோமா வந்துச்சு, வளந்த எலிக்குக் குடுத்தப்ப அப்படி வரல. சின்ன வயசுல வெயில் பட்டு வர்ற புண்ணே பின்னாடி மெலனோமா வர வைக்குதோன்ற சந்தேகத்துக்கு அது பெரிய ஆதாரமா ஆச்சு.

லைட்டையும் அளக்காம நம்பாதீங்க, யூவில ஏ, பி, சின்னு மூணு வகை இருக்கு. யூவிபி பல்புன்னு விக்கிறதுல கொஞ்சம் யூவிசியும் வரும், பூமிக்கு வர்ற வெயில்ல அது கிடையாது, அதுக்கு ஃபில்டர் போடணும். பல்பு பழசாக ஆக டோஸும் குறையும்.

ஒரு ஆய்வோட நிறுத்திக்கக் கூடாதுன்றதுக்கு மீன் கதை ஒண்ணு இருக்கு. தொட்டில வளக்குற பிளாட்டியையும் ஸ்வார்ட்டெயிலையும் கலப்பு பண்ணா மெலனோமா வரக்கூடிய குஞ்சு பிறக்கும். 1993ல அந்த மீன வச்சு யூவிஏவும் மெலனோமா வரவைக்கும்னு சொன்னாங்க, சன்ஸ்க்ரீன் போதுமான்னு பெரிய கவலையே வந்துச்சு. 2010ல அதே வகை மீன வச்சு திரும்பப் பண்ணப்ப யூவிபிக்கு வந்துச்சு, யூவிஏக்கு வரல.

கடைசியா ஒண்ணு, தொடக்கத்தப் படிக்கிறவங்களுக்குப் பெரிய கட்டியே தேவையில்ல. ரெண்டாவது வாரம், நாலாவது வாரம்னு மரு வர்றதுக்கு முன்னாடியே தோல எடுத்து ஜீன் மாற்றத்தத் தேடுங்க, எந்த அளவுக்கு மேல கட்டிய வளர விடமாட்டோம்னு எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதுறப்பவே முடிவு பண்ணிடுங்க.