கண்மாய்க் கரையில் ஓடும்போது நாய் பாய்ந்து வந்தால்: படிப்படியாக ஒரு விளக்கம்

மதுரையில் ஓடப் பழகுகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்கு இறங்கிவிடுகிறார்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம், யானைமலையை ஒட்டிய வயல்வெளி, அழகர்கோவில் போகும் வழியிலுள்ள தோப்புகள் என்று நல்ல பாதைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பலரும் நாயைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். விட வேண்டிய அவசியமில்லை. நாய் எதைக் காக்கிறது என்று கண்டுபிடித்து, அதை விட்டு விலகத் தெரிந்தால் போதும். ஷூ, தண்ணீர், நேரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக நாய்க்கு வருகிறேன்.

படி 1: யாருடைய நாய் என்று பாருங்கள்

தெருநாய் தன் தெரு முடிந்ததும் நின்றுவிடும். தோட்டத்து நாய்க்கு வேலிதான் எல்லை. இரண்டுமே வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருப்பவை. நாலு நாளில் உங்களுக்கும் பழகிவிடும்.

கிடை நாய் அப்படியில்லை. அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டு மந்தையை அடைத்து வைப்பார்கள், அதுதான் கிடை. இன்று ஒரு வயல், சில நாள் கழித்து அடுத்த வயல். கிடை நகர நகர நாயின் எல்லையும் நகரும். போன வாரம் நிம்மதியாக ஓடிய வரப்பு இந்த வாரம் அதன் காவலுக்குள் வந்திருக்கும். இரவெல்லாம் நரிக்கும் திருடனுக்கும் விழித்திருந்த நாய் அது. விடியற்காலை இருட்டில் ஓடி வரும் ஆளை வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? தூரத்திலேயே அடையாளம் தெரியும்: வட்டமாகக் கட்டிய வலை, ஆட்டுக்குட்டிகள் மேல் கவிழ்த்து வைத்த கூடு, பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், காற்றில் ஆட்டு வாடை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டத்தை நடையாக்குங்கள். "அண்ணே, நாயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்!" என்று உரக்கக் குரல் கொடுங்கள். கீதாரியின், அதாவது கிடையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டுக்காரரின், ஒரு அதட்டலுக்கு அடங்கும் நாய், உங்கள் கம்புக்கு அடங்காது.

படி 2: கையில் என்ன இருக்க வேண்டும்

ஓடுகிறவர்களுக்குக் கை நீளத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. நடக்கிறவர்களுக்கு நீளக் குடை. கம்பை விடக் குடையே மேல் என்பேன், விரித்துப் பிடித்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவே ஒரு தடுப்பு கிடைக்கிறது. மிளகு ஸ்பிரேயை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்மாய்க் கரைக் காற்றில் அது உங்கள் முகத்துக்கே திரும்பும். பிஸ்கட்டும் வேண்டாம், நாலைந்து நாய்கள் இருந்தால் உங்கள் காலடியிலேயே சண்டை மூளும். காதில் இயர்போன் கூடாது. இடுப்புப் பையில் ஒரு சின்னச் சோப்புத் துண்டு கட்டாயம் இருக்கட்டும். எதற்கென்று படி 5-இல் சொல்கிறேன்.

படி 3: நில்லுங்கள்

ஓடும் எதையும் துரத்துவது நாயின் சுபாவம். அதனால் முதலில் நின்றுவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடலோடு ஒட்டி, கம்பு நுனி தரையைப் பார்க்க நில்லுங்கள். கண்ணுக்குள் முறைக்காதீர்கள், அதே நேரம் பார்வையிலிருந்து அதை விட்டுவிடவும் கூடாது. வால் ஆடுவதை மட்டும் நம்பி நட்பு என்று முடிவு செய்ய வேண்டாம். குரைத்துக்கொண்டே வருவதை விட, தலையைத் தாழ்த்தி, உடல் விறைத்து, சத்தமில்லாமல் வரும் நாயிடம் கூடுதல் கவனம் தேவை.

குனிந்து கல்லெடுப்பதுபோலப் பாவனை செய்வது நம் ஊர்ப் பழக்கம். கல்லடி பட்ட தெருநாய் அதற்கு விலகும். கிடை நாய்க்கும் குட்டி போட்ட நாய்க்கும் அது சண்டைக்கு அழைப்பு. உங்கள் முகமும் அதன் உயரத்துக்கு இறங்கிவிடும். அவற்றிடம் குனியவே குனியாதீர்கள்.

படி 4: பின்வாங்குங்கள்

எனக்குக் கடைசியாகக் கைவந்த படி இதுதான். நிற்பது எளிது, நின்ற பிறகு அங்கிருந்து கிளம்புவதுதான் கடினம். நாய் குரைப்பதை நிறுத்தியதும் ஆபத்து முடிந்தது என்று மனம் சொல்லும், உடனே திரும்பி நடக்கத் தோன்றும். கெண்டைக்கால் கடி பெரும்பாலும் அந்த நொடியில்தான் விழுகிறது. எனவே முதுகைக் காட்டாமல், பக்கவாட்டிலேயே ஒவ்வோர் அடியாக நகருங்கள். குதிகாலை வைக்கும் முன் காலாலேயே தரையைத் தடவிப் பாருங்கள். வரப்பில் தடுக்கி விழுவது நாயை விடப் பெரிய ஆபத்து. எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்பதும் முக்கியம்: கிடையையோ குட்டிகளையோ விட்டு விலகும் பக்கமாக இருக்க வேண்டும், அது வந்த வழியே திரும்புவதாக இருந்தாலும் சரி. நாய் தானாகத் திரும்பிப் போகிற வரை, அல்லது உட்காருகிற வரை ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

பாய்ந்தே விட்டால் குடையையோ பையையோ துண்டையோ அதன் வாய்க்குக் கொடுங்கள். கீழே விழுந்தால் சுருண்டு, விரல்களை மடக்கி, காதையும் பிடரியையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

படி 5: பல் பட்டுவிட்டால்

சோப்புத் துண்டு இப்போதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பம்புசெட் தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அறிகுறிக்கு முன்பே போட்டால் தடுப்பூசி காப்பாற்றும்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வரை அரசு இடங்களில் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவது பழைய கதை; இப்போது கையில்தான். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்கள்; தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28. முதல் ஊசி போடும் நாளே 0. ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும்; டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். கவனியுங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பின்சேர்க்கை

நாய் வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று சைக்கிளில் போகிறவர்கள் கேட்டிருந்தார்கள்: இறங்கிவிடுங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டே நகருங்கள்.

நாயின் காது நுனி வெட்டியிருந்தால் பயமில்லையா என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அது கருத்தடை செய்த நாய்க்கான அடையாளம். தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அதன் காலம் முடிந்ததா என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடித்தால் அதே படி 5 தான்.

வாரம் முழுக்க வயல்வெளியில் ஓடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அதை முழுமையாகப் போட்டவர்களுக்குப் பிறகு கடிபட்டால் 0, 3-ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சோப்பும் 15 நிமிடமும் அவர்களுக்கும் உண்டு.