பூனைப் பருந்து பார்க்கப் போகிறவர்கள் பத்திர வேலையை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது இரை தேடும் பருந்துகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால், கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போங்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து முடித்த பூனைப் பருந்துகள் நம் கரிசல் காட்டில் வந்து தங்கியிருக்கும் காலம் அது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் மானாவாரி நிலங்களுக்கு மேல் அவை பறப்பதைப் பார்க்கலாம். உளுந்துச் செடிக்கு மேலே ஒரு ஆள் உயரம்கூட இருக்காது, அவ்வளவு தாழ்வாகப் பறக்கும். இறக்கைகளை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்தபடி வரப்பு வரப்பாகத் துழாவிக்கொண்டே வரும். முகம் ஆந்தைக்கு இருப்பது போல வட்டமாக இருக்கும். புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தைக் காதால் பிடிக்க அந்த முகம்தான் உதவுகிறது. ஆண் வெளிறிய சாம்பல் நிறம், இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. பெண் பழுப்பு, வாலடியில் ஒரு வெள்ளைப் பட்டை.

கழுகுகளுக்குக் காலை ஒன்பது, பத்து மணிதான் நல்ல நேரம். மண் சூடாகி வெப்பக் காற்று மேலே எழும்பினால்தான் பெரிய இறக்கைக்காரர்கள் வட்டமிட்டு ஏறுவார்கள். பூனைப் பருந்துக்கு மாலை ஐந்து மணிக்கு மேல். அவை மரத்தில் தங்குவதில்லை, புல்தரையில் கூட்டமாக இறங்கித்தான் உறங்கும்.

இந்த இரண்டு நேரத்தையும் சேர்த்து விழுங்கக்கூடியது பத்திரப் பதிவு அலுவலகம். எனக்கு அதுதான் நடந்தது.

மெல்பர்னிலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் மார்கழிக் கடைசியில் போய் இறங்கினேன். முதல் நாள் இரவே சித்தப்பா பேச்சை எடுத்தார். "நீ இருக்கப்பவே முடிச்சிரணும்யா. அடுத்து எப்ப வருவியோ." அப்பா பங்கு நிலத்தில் என் உரிமையை விட்டுக்கொடுத்து நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருடமும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர் அவர்தான், நான் இல்லை.

மார்கழியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். பொங்கலுக்கு விடுமுறை. தை பிறந்ததும் முகூர்த்த நாள் பார்த்து ஊரே அங்கே நிற்கிறது. டோக்கன் கிடைத்துப் போனால், பட்டாவில் அப்பா பெயரில் ஒரு 'ச்' கூடுதலாக இருந்தது. வாரிசுச் சான்றிதழில் அது இல்லை. என் பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயரே எனக்குக் குடும்பப் பெயராகி, என் பெயருக்கு முன்னால் போய் நின்றது. "மூணும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்க சார்" என்றார்கள். எழுதி வாங்க ஒரு நாள். திரும்பப் போனால் சர்வர் இல்லை என்று ஒரு நாள். வில்லங்கச் சான்று பழசு என்று இன்னொரு நாள். மரப்பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பதினோரு மணி வானத்தில் ஒரு பாம்புக் கழுகு ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கிறது. பைனாகுலர் வீட்டில் இருந்தது.

அதனால் சொல்கிறேன். பாகப்பிரிவினையோ விடுதலையோ, எதுவாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கையெழுத்திட்டு, நம்பிக்கையானவருக்கு அனுப்பிவிடுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பட்டா, வாரிசுச் சான்று, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இங்கே இருந்தே பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் விவசாய நிலத்தை வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் கொண்டு போகாதீர்கள், இறக்குமதிக்கே தடை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஜி.பி.எஸ். கருவியையும் வீட்டில் வையுங்கள், அனுமதி இல்லாமல் வைத்திருந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் தேசியப் பூங்கா, சரணாலயங்களில் இந்தியர்களுக்கான கட்டணம்தான், கேட்டு வாங்குங்கள்.

மதுரைப் பக்கம் போனால் மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி மூன்றும் அந்தக் குன்றுகளில் உண்டு. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தது அந்த மக்களின் போராட்டம். அங்கே போகிறவர்கள் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு பார்க்க நீலகிரிப் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசியால், அந்த மாடு செத்தபின் அதைத் தின்று நாடு முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்த இனம் அது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தும் பல ஊர்களில் இன்னும் திரும்பவில்லை. பக்கத்திலுள்ள முதுமலைக் காட்டில் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

பூனைப் பருந்து உறங்கும் புல்வெளி தெரியவந்தால் தூரத்திலேயே நில்லுங்கள். ஒரு தடவை கிளப்பிவிட்டால் இருட்டில் அவை எங்கே போகும்? படம் போட்டாலும் இடத்தின் பெயர் போடாதீர்கள்.

பத்திரம் பதிந்தது நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு. விரல் ரேகை மை காயாமலே சித்தப்பாவின் பைக்கில் ஏறி நிலத்துக்குப் போனேன். விதைத்துப் பல வருடமாகிவிட்டது, முழங்கால் உயரப் புல். ஆறு மணி தாண்டியதும் மேற்கிலிருந்து ஒன்று வந்தது. தாழ்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லுக்குள் இறங்கியது. அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. பதினொன்று எண்ணினேன். எட்டு வயதில் இதே வரப்பில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, எண்ணத் தெரிந்த வரைக்கும் எண்ணியிருக்கிறேன்.

சோலார்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தரிசாகத்தானே கிடக்கிறது என்றார் சித்தப்பா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அதைப் பற்றி என்ன சொல்ல? பங்குனி வரைக்கும் புல்லை அறுக்க வேண்டாம், தீ வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

"இந்தப் பங்குனிக்கா? சரிய்யா" என்றார்.