மிக்கி மவுஸ் காசு வாங்கும் முன் கொஞ்சம் தண்ணீர் எடுங்கள்

போன மாதம் காசிமேட்டிலிருந்து அக்கா மகன் ஒரு காசோடு வந்தான். ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் கப்பல் ஓட்டும் மிக்கி மவுஸ். நியூவே, 2 டாலர். பர்மா பஜார் பக்கம் ஒருத்தரிடம் முன்பணம் கொடுத்து ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தான். வெள்ளி விலைபோல மூன்று மடங்கு கேட்டாராம். "அரசாங்கக் காசு மாமா, விலை ஏறிட்டே இருக்குமாம்." சௌகார்பேட்டை வெள்ளிப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் தராசு பிடித்தவன் நான்.

நியூவே பசிபிக்கில் ஒரு தீவு. சனம் இரண்டாயிரத்துக்கும் கீழே. கடைகண்ணியில் புழங்குவது நியூசிலாந்து டாலர். இந்தக் காசை அடித்து விற்பது வெளிநாட்டு நாணயச்சாலை. தீவு தன் பெயரைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிறது. துவாலு, குக் தீவுகள், பலாவு எல்லாம் இதே வழிதான். மோசடி இல்லை, ஆனால் 2 டாலர் என்பது நம்ம பணத்தில் சுமார் நூறு ரூபாய். அதையும் இங்கே மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது வெள்ளிதான்.

அதனால் வெள்ளியைச் சோதியுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், செம்பும் அதில் ஒட்டாது. முதலில் எடை: ஒரு அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். அப்புறம் 0.01 கிராம் காட்டும் தராசில் லேசான பிளாஸ்டிக் கப்பை வைத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை (ஆசிட் இல்லை) பாதி ஊற்றி, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டி முழுதாக முக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. தராசு காட்டுவது காசு ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. ஒரு அவுன்ஸ் காசு சுத்த வெள்ளி என்றால் 2.97 கிராம் அளவில் நிற்கும். 3.5-ஐத் தொட்டால் உள்ளே செம்பு. கலர் அடித்த காசை முக்காதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கீறல் விழும்.

எல்லாமே 999, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி, என்றும் நினைக்க வேண்டாம். 1964-ல் ஷார்ஜா கென்னடி முகம் போட்டு விட்ட 5 ரூபாய்க் காசு 72 டச்தான், நூற்றில் 72 பங்குதான் வெள்ளி. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மருமகன் காசு 2.97 காட்டியது. "அப்போ வாங்கட்டுமா மாமா?"

"வெள்ளி விலைக்கு மேலே கொஞ்சம்தான் கொடு. நாளைக்கு நீ தங்கசாலைத் தெருவில் விற்கப் போனால் ராணியையும் பார்க்கமாட்டான், எலியையும் பார்க்கமாட்டான். உருக்குற கணக்குதான்."

முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டு வந்தான்.